வேன் ஆண்டியின் இருபத்து மூன்று காணொளிகள்

ஜாசின் வட்டாரத்தில் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப்போகும் வேன்களில் பெண் ஓட்டுவது ஒன்றுதான். வெள்ளை வேன், பக்கவாட்டில் மஞ்சள் பட்டை. அதை ஓட்டுகிற கமலவேணிக்கு நாற்பத்திரண்டு வயது. பதினாறு பிள்ளைகளையும் பேர் சொல்லித்தான் ஏற்றுவாள், பேர் சொல்லித்தான் இறக்குவாள். எந்தப் பிள்ளைக்கு வளைவில் வாந்தி வரும், எது பசியாறாமல் ஓடி வரும், எந்த வீட்டில் ஹாரன் அடித்தால் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பசியாறாத பிள்ளைக்கென்று முன்கண்ணாடிக்குக் கீழே ஒரு பிஸ்கட் பொட்டலம் எப்போதும் இருக்கும்.

நியாலாஸ் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ரங்கசாமி குலை வெட்டுகிறவர். பதினைந்து வயதில், படிவம் மூன்றோடு படிப்பை நிறுத்திவிட்டு மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்தாள். இருபத்திரண்டு வருடம் அங்கேதான். பெருந்தொற்றுக் காலத்தில் அந்தத் தொழிற்சாலையை மூடியபோது, சக பெண்கள் அழுதுகொண்டே வீடு போனார்கள். கமலவேணி மட்டும் வேன் ஓட்டும் உரிமத்துக்கு மனுப் போட்டாள். அவளுடைய கணவன் காந்தன் உம்பாயிலுள்ள கடலுணவுக் கடைகளுக்கு ஐஸ் ஏற்றிப்போகும் லோரி ஓட்டுகிறவன். "வீட்ல ரெண்டு பேருமே டிரைவரு, அப்ப சோறு யாரு ஆக்குறது?" என்று சிரித்தானே தவிர, தடுக்கவில்லை.

ஆங்கிலம் மட்டும் அவளுக்குக் கைகூடவில்லை. மலாயில் யாரிடமும் வாயாடுவாள். ஆங்கிலம் என்று வந்தால் தொழிற்சாலையில் காதில் விழுந்த நாலைந்து வார்த்தைகள்தான். அது ஒரு குறையாக இத்தனை நாள் அவளுக்குத் தோன்றியதில்லை. இந்த ஆண்டு தொடக்கத்தில், பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு டாக்டர் சேர்ந்தார். அவர் ஆங்கிலத்திலேயே எழுதுவார். அவருக்குத் தமிழில் பதில் போடுவது மரியாதை இல்லையோ என்று இவளாக நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் காலை கெசாங் சந்திப்பைத் தாண்டியதும் வேனின் பின் டயரில் காற்று இறங்கிவிட்டது. பிள்ளைகளைப் பத்திரமாக ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு, வாய்க்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டு, குழுவுக்குக் குரல்பதிவு அனுப்பினாள்.

"குட் மார்னிங் டாக்டர். வெரி சாரி. வேன் டயர் விண்ட் ஃபினிஷ். ஆல் சில்ரன் சேஃப்."

டாக்டர் கட்டை விரலைக் காட்டிப் பதில் போட்டார். அன்றைக்கு முழுக்கக் கமலவேணி தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் காந்தனிடம்கூடச் சொன்னாள்: "நானும் இங்கிலீஷ்ல பேசிட்டேன், தெரியும்லா?"

மூன்று வாரம் கழித்து, பழைய டயரை மாற்றத் தங்கராஜுவின் பட்டறைக்குப் போனாள். வேனை நிறுத்திவிட்டு இறங்கியதுமே, வேலைக்கு நின்ற இளைஞர்கள் இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனான். மற்றவன், "அக்கா, விண்ட் ஃபினிஷா?" என்றான்.

கமலவேணிக்கு முதலில் புரியவில்லை. தங்கராஜு அவனை ஒரு அதட்டு அதட்டிவிட்டு, கையைத் துணியில் துடைத்தபடி வந்தார்.

"ஒனக்குத் தெரியாதா கமலம்? தெரிஞ்சிருக்கும்னு நெனச்சேன்."

"என்னண்ணே?"

அவர் கைப்பேசியை எடுத்து நீட்டினார். 'வேன் ஆண்டி' என்ற பெயரில் ஒரு கணக்கு. அவள் முகம். தலையில் இரண்டு கழுதைக் காதுகள் முளைத்திருந்தன, மூக்கு பூசணிக்காய்போல் வீங்கியிருந்தது. அவள் குழுவுக்கு அனுப்பிய குரல்பதிவை அதன்மேல் ஒட்டி, வேகமாக்கி, எலி பேசுவதுபோல் ஆக்கியிருந்தார்கள். 'வெரி சாரி, வெரி சாரி, விண்ட் ஃபினிஷ்.' அதோடு விடவில்லை. வளைவில் அவள் முருகனைக் கூப்பிடுவது, லோரிக்காரனைத் திட்டுவது, கொட்டாவி விடுவது, பழைய பாட்டை ராகம் தப்பி முணுமுணுப்பது என்று இருபத்திரண்டு காணொளிகள். கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

கழுதைக் காதுகூட அவளை அவ்வளவு சுடவில்லை. 'ஆல் சில்ரன் சேஃப்' என்று அவள் சொல்லும் இடத்தில், கூட்டமாகச் சிரிக்கும் சத்தத்தைச் சேர்த்திருந்தார்கள். அங்கேதான் அவளுக்குக் காது மடல் சூடேறியது. அந்த மூன்று வார்த்தைகளைத்தான் அவள் மூன்று தடவை சொல்லிப் பார்த்திருந்தாள்.

டயரை மாற்றி முடிப்பதற்குள் அவள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். காணொளிகள் எல்லாம் இரண்டாவது வரிசையின் இடப்பக்கத்திலிருந்து எடுத்தவை. அங்கே உட்காருவது இரண்டு பேர். ஒன்று அவள் மகள் அகல்யா, ஐந்தாம் ஆண்டு. இன்னொன்று அதே வகுப்பில் படிக்கும் கேத்லீன். கேத்லீனின் அப்பா மிக்கேல்ராஜ் சுங்கை ஊடாங் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் ஷிப்ட் வேலை, அம்மா மருத்துவமனைத் தாதி. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று பிள்ளையின் பையில் கைப்பேசி போட்டு அனுப்புவார்கள். அகல்யாவிடமும் ஒன்று உண்டு, கமலவேணியின் பழைய கைப்பேசி. ஆனால் அது வீட்டைவிட்டு வெளியே வராது. காலையில் குளிர்பெட்டியின் மேல் வைத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும் என்பது சட்டம்.

அன்று பள்ளி விட்டதும் எல்லாப் பிள்ளைகளையும் இறக்கிவிட்டு, கடைசியாகக் கேத்லீன் வீட்டு வாசலில் வேனை நிறுத்தினாள். மிக்கேல்ராஜுக்கு அந்த வாரம் இரவு ஷிப்ட். தூக்கக் கலக்கத்தோடு கதவைத் திறந்தார்.

"சார், மன்னிச்சிக்குங்க. இதக் கொஞ்சம் பாருங்க."

பார்த்தார். முகம் கறுத்தது. மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் இல்லப்பா," என்றாள் கேத்லீன்.

"ஒன் எடத்துலேர்ந்துதானம்மா எடுத்துருக்கு," என்றாள் கமலவேணி. "வேன்ல போன் வச்சிருக்கிறது நீ ஒருத்திதான்."

"நான் இல்ல ஆண்டி. நீங்க அகல்யாவக் கேளுங்க."

கமலவேணிக்குச் சுர்ரென்று வந்தது. "தப்பையும் பண்ணிட்டு எம்மக மேல பழியப் போடுறியா? அவ போன் வீட்ல இருக்கு. இந்த வயசுல இவ்ளோ பொய்யா?"

மிக்கேல்ராஜ் அதிகம் பேசுகிற மனிதர் இல்லை. மகளின் பையிலிருந்து கைப்பேசியை எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "நான் பாத்துக்கிறேன். நாளையிலேர்ந்து நானே ஸ்கூலுக்குக் கொண்டு விட்டுர்றேன்," என்றார். கதவு சாத்தியபின் உள்ளே ஒரு அறை விழுந்த சத்தமும், பிள்ளை வீறிட்டு அழும் சத்தமும் கேட்டன. கமலவேணி ஒரு கணம் நின்றாள். பிறகு வந்து வேனில் ஏறினாள். அகல்யா இரண்டாவது வரிசையில் தலையைக் குனிந்தபடி உட்கார்ந்திருந்தாள். பிள்ளை பயந்துவிட்டது என்று நினைத்தாள் தாய்.

அடுத்த வாரம் முழுக்க வேன் அமைதியாக இருந்தது. கேத்லீனின் இடம் காலியாகவே இருந்தது. அகல்யா சரியாகச் சாப்பிடவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, காய்ச்சல் இல்லையே என்று விட்டுவிட்டாள் கமலவேணி.

வெள்ளிக்கிழமை மதியம், பள்ளிக்கு எதிரே மரநிழலில் வேனை நிறுத்திக் காத்திருந்தபோது தங்கராஜுவின் செய்தி வந்தது. 'கமலம், இன்னொன்னு போட்டுருக்காங்க.'

இருபத்து மூன்றாவது காணொளி. இதில் காதும் இல்லை, மூக்கும் இல்லை. சிரிப்புச் சத்தமும் இல்லை. தலையில் சிவப்புத் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு பெண் அடுப்படியில் நின்று வெங்காயம் நறுக்குகிறாள். உதடு அசைகிறது. 'சில்ரன் வில் ரீச்… வில் ரீச் ஸ்கூல்…' என்று தனக்குத்தானே சொல்லிப் பார்க்கிறாள். அவளுக்குப் பின்னால் அலமாரி. அதன் ஒரு கதவு கீல் உடைந்து, பச்சைக் கயிற்றால் கட்டியிருக்கிறது.

அந்தக் கயிற்றைக் கட்டியவன் காந்தன். அந்த அடுப்படிக்குள் கேத்லீன் ஒருநாளும் வந்ததில்லை.

கமலவேணி இயந்திரத்தை அணைத்தாள். வேனுக்குள் சூடு ஏறியது. அதுகூட உறைக்காமல் உட்கார்ந்திருந்தாள். மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு மதியம் ஞாபகத்துக்கு வந்தது. அகல்யா கைப்பேசியைக் கொண்டுவந்து மடியில் வைத்து, "பொறந்த வருசம் கேக்குதும்மா. என் வருசத்தப் போட்டா உள்ள விடாதாம். ரெண்டாயிரம்னு போட்டுருங்கம்மா," என்றாள். துணி மடித்துக்கொண்டிருந்த கமலவேணி, திரும்பிக்கூடப் பார்க்காமல் விரலால் அழுத்திக் கொடுத்தாள். அது என்ன செயலி, உள்ளே என்ன இருக்கிறது என்று அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கையில் கைப்பேசி இருந்தால் பிள்ளை சத்தம் போடாது, வெளியே சுற்றாது, கண் முன்னாலேயே இருக்கும். அதுவே பெரிய நிம்மதி என்று இருந்துவிட்டாள். காலையில் குளிர்பெட்டியின் மேல் கைப்பேசி இருக்கிறதா என்று ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை.

மணி அடித்தது. பிள்ளைகள் ஓடிவந்தார்கள். கமலவேணி ஒவ்வொருவரையும் பேர் சொல்லி ஏற்றினாள், பேர் சொல்லி இறக்கினாள். வீட்டு வாசலில் வேனை நிறுத்தியபிறகு இறங்கவில்லை.

"அகல்யா, முன்னால வா."

அவள் வந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். கமலவேணி கைப்பேசியைக் காட்டவில்லை. காட்ட வேண்டியிருக்கவுமில்லை. பிள்ளை ஏற்கெனவே அழத் தொடங்கியிருந்தாள்.

"ஏன்டி?"

அகல்யா பள்ளிப்பையின் வாரை இழுத்துக்கொண்டே சொன்னாள்.

"யாரும் எங்கூட பேச மாட்டாங்கம்மா. வேன் ஆண்டி மகளுன்னுதான் கூப்புடுவாங்க. பேசுனா நான் ஒங்ககிட்ட சொல்லிக் குடுத்துருவேன்னு சொல்லுவாங்க. ஒருநாள் நீங்க பாடுனத எடுத்து கிளாஸ்ல காட்டுனேன். எல்லாரும் என்னைச் சுத்தி வந்துட்டாங்க. இன்னும் போடு, இன்னும் போடுன்னாங்க."

"அதுக்கு அம்மாவ கழுதையாக்குவியா?"

"அது அப்டியே ஃபில்டர்ல வரும்மா…" என்றவள், அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"கேத்லீன் மேல நான் பழி போட்டப்ப நீ இங்கதான உக்காந்திருந்த? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க என்னைக் கேக்கவே இல்லையேம்மா. அவ கேளுங்கன்னு சொன்னா. நீங்க அவளத் திட்டுனீங்க." மூக்கை உறிஞ்சினாள். "அப்பறம் எப்டி சொல்றது? நீங்க அங்க போயி அவ்ளோ சத்தம் போட்டுட்டு வந்தீங்க."

கமலவேணி கைக்குட்டையை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

"சரி. அவ போனையும் வாங்கிட்டாங்க, அவ அடியும் வாங்கிட்டா. அதுக்கப்பறமும் இன்னொன்னு ஏன் போட்ட?"

"அவகிட்ட போன் இல்லாதப்ப புதுசா ஒன்னு வந்தா அவ இல்லன்னு தெரிஞ்சிரும்ல. வேன்ல எடுத்ததப் போட்டா பழசுன்னு நெனப்பீங்க. அதான் வீட்ல எடுத்ததப் போட்டேன்." குரல் உள்ளே போய்விட்டது. "நீங்களே பாத்து தெரிஞ்சிக்குவீங்கன்னு."

கமலவேணி மகளைத் திரும்பிப் பார்த்தாள். வாய்விட்டுச் சொல்லத் தைரியம் இல்லாத பிள்ளை, தன் மேலேயே ஒரு சாட்சியை எடுத்து ஊருக்கே போட்டுக் காட்டியிருக்கிறது. அடிக்கக் கை ஓங்கவில்லை. கட்டிப் பிடிக்கவும் தோன்றவில்லை. இறங்கிப்போய், மகள் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

சாயங்காலம் காந்தன் வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவன் நேராகக் கைப்பேசியைத் தூக்கினான். "லோங்காங்ல போட்டுர்றேன். எல்லாச் சனியனும் முடிஞ்சிரும்."

"சாக்கடைல போட்டா போன்தான் போவும்," என்றாள் கமலவேணி. "நாளைக்கி வேற பிள்ள போன்ல பாப்பா. மொதல்ல அழிக்கணும். அதுக்கு முன்னாடி மூணு பேரும் உக்காந்து எல்லாத்தையும் பாக்கணும்."

"அந்தக் கருமத்த நான் வேற பாக்கணுமா?"

"பாக்கணும். நாம இத்தன நாளா பாக்கல."

மூவரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்து முதலிலிருந்து பார்த்தார்கள். மூன்றாவது காணொளியில் காந்தனுக்குத் தன்னை அறியாமல் சிரிப்பு வந்துவிட்டது. கமலவேணி பார்த்த பார்வையில் அடங்கினான். உண்மையில் அவளுக்கே ஒன்றிரண்டு இடங்களில் சிரிப்பு வந்தது. தான் பாடுவது இவ்வளவு மோசமாகவா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். ஏழாவது காணொளி வந்தபோது அகல்யா, "போதும்மா" என்றாள். கமலவேணி நிறுத்தவில்லை. தண்டனைக்காக அல்ல. இந்தப் பிள்ளையின் ஆறு மாத வாழ்க்கை அதற்குள் இருந்தது. யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள், இவள் என்ன பதில் போட்டிருக்கிறாள் என்பதெல்லாம் இருந்தது. ஒரு பெரிய ஆள், முகம் தெரியாதவன், 'நீ எந்த ஸ்கூல்?' என்று மலாயில் கேட்டிருந்தான். அகல்யா பதில் போடவில்லை. ஆனால் போட்டிருக்கவும் கூடும். காந்தன் அந்த வரியை இரண்டு தடவை படித்தான். அதற்குப்பிறகு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை.

கணக்கை அகல்யாவின் கையாலேயே அழிக்க வைத்தார்கள். "மத்தவங்க எடுத்து வச்சிருந்தா அது போவாதும்மா," என்றாள் அவள். அது கமலவேணிக்கு அன்றுதான் தெரியும்.

மறுநாள் காலை, அகல்யாவை அழைத்துக்கொண்டு மிக்கேல்ராஜ் வீட்டுக்குப் போனாள். அவருடைய மனைவி செலஸ்டின்தான் கதவைத் திறந்தாள். இரண்டு பேரையும் பார்த்ததுமே ஏதோ புரிந்தவள்போல் கணவனைக் கூப்பிட்டாள்.

"சார், தப்பு எம்மேல," என்றாள் கமலவேணி. "கேத்லீன் இல்ல. எம்மகதான். கேத்லீன் அன்னிக்கே சொன்னுச்சி. நான் காதுல வாங்கல."

மிக்கேல்ராஜ் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் அவ போன முழுக்கத் தேடுனேன்," என்றார். "ஒன்னுமே இல்ல. அழிச்சிட்டான்னு நெனச்சேன். அழிச்சதையும் ஒத்துக்க மாட்டேங்குறாளேன்னு இன்னும் கோவம். பொறந்ததுலேர்ந்து நான் அவ மேல கை வச்சதில்ல. அன்னிக்கு வச்சிட்டேன்." நிமிர்ந்து பார்த்தார். "பெத்த பிள்ள சொன்னத விட்டுட்டு, வாசல்ல வந்து நின்னவங்க சொன்னத நம்புனேன். அது ஒங்க தப்பில்ல. என் தப்பு."

அறைக்குள்ளிருந்து கேத்லீன் வந்து அம்மாவின் பின்னால் நின்றாள். அகல்யா "சாரி" என்று சொன்னது யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. கமலவேணி அவள் தோளைத் தொட்டாள். இரண்டாவது தடவை கேட்டது.

"என்னையும் மன்னிச்சிரும்மா," என்றாள் கமலவேணி கேத்லீனிடம்.

அந்தப் பிள்ளை அம்மாவின் பின்னாலிருந்து முன்னால் வந்தாள். பிறகு கேட்டாள்: "ஆண்டி, அன்னிக்கு என்னை மாதிரி 'நான் இல்ல'ன்னு அகல்யா சொல்லியிருந்தா நீங்க நம்பியிருப்பீங்கதான?"

செலஸ்டின், "கேத்" என்று அதட்டினாள். "வேணாம், கேக்கட்டும்," என்றாள் கமலவேணி. "ஆமாம்மா. நம்பியிருப்பேன். அதான் நான் செஞ்ச தப்பு."

கேத்லீன் உள்ளே போய்விட்டாள். செலஸ்டின் தேநீர் கலக்கிக் கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெற்றோர் குழுவுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினாள். இந்தத் தடவை ஒத்திகை பார்க்கவில்லை, தமிழில்தான் பேசினாள். அந்தக் காணொளிகளை எடுத்தது தன் மகள் என்றும், கேத்லீன்மேல் தான் பழி போட்டது தவறு என்றும், யாராவது அவற்றைச் சேமித்து வைத்திருந்தால் தயவுசெய்து அழித்துவிடும்படியும் சொன்னாள். இரண்டு பேர் ஆறுதல் எழுதினார்கள். ஒரு தாய் காரணம் சொல்லாமல் தன் பையனை வேறு வேனுக்கு மாற்றினாள். டாக்டர் தமிழில் எழுதியிருந்தார், எழுத்துப் பிழையோடு: 'நன்றி அக்கா. என் மகனும் பார்த்து சிறித்திருக்கிறான். பேசுகிறேன்.'

கேத்லீன் மேலும் இரண்டு வாரம் வேனில் வரவில்லை. பள்ளி விடுமுறை முடிந்து வந்த திங்கட்கிழமை, அவள் வீட்டைக் கடக்கும்போது பையோடு வாசலில் நின்றாள். மிக்கேல்ராஜ் கையைக் காட்டினார். அவள் ஏறி, கடைசி வரிசைக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அகல்யா திரும்பிப் பார்த்தாள், அவள் பார்க்கவில்லை. கமலவேணி கியரைப் போட்டு வேனை நகர்த்தினாள். பிள்ளைகளைப் பேசு பேசு என்று சொல்லிப் பேச வைக்க முடியாது என்று விட்டுவிட்டாள்.

வீட்டில் இப்போது கைப்பேசி கூடத்து மேசையில்தான் இருக்கும். சாயங்காலம் ஒரு மணி நேரம் அகல்யா பார்க்கலாம், பக்கத்தில் கமலவேணியோ காந்தனோ உட்கார்ந்திருப்பார்கள். பாதி விஷயம் கமலவேணிக்குப் புரிவதில்லை. "இது யாரு? இது எதுக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அகல்யாவுக்குச் சில நாள் எரிச்சல் வரும், சில நாள் அவளாகவே காட்டுவாள். வேனிலும் அம்மாவுக்குப் பின்னால் அதே இடத்தில்தான் உட்காருகிறாள். வகுப்பில் இரண்டு பேர் பேசுகிறார்கள் என்று சொன்னாள். அவர்கள் பெயரைக் கமலவேணி கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

ஒரு மாலை அகல்யா கைப்பேசியைத் தள்ளி வைத்துவிட்டுக் கேட்டாள்.

"இன்னும் எத்தன நாளைக்கிம்மா இப்டி பக்கத்துலயே உக்காந்து பாப்பீங்க?"

கமலவேணி யோசித்தாள். பெரிய பதிலாக ஏதாவது சொல்லலாம் என்றுதான் இருந்தது.

"தெரியலடி," என்றாள். "நானும் இப்பதான் பழகுறேன்."

அகல்யா முகத்தைச் சுளித்தாள். பிறகு சற்று நகர்ந்து, அம்மாவுக்கும் திரை தெரியும்படி உட்கார்ந்துகொண்டாள்.